சித்தூர் – திருப்பதி: வானத்தில் 57, தரையில் 70

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே விமானப் பயண நேரம் எவ்வளவு என்று தூரம் சொல்லும் செயலி ஒன்றில் கேட்டால், யோசிக்காமல் விடை வந்துவிடும். தூரம் சுமார் 57 கிலோமீட்டர். நேரம் நான்கு நிமிடம் சொச்சம். சில செயலிகள் கிளம்பவும் இறங்கவும் என்று அரை மணியைக் கூட்டி 34 நிமிடம் என்று சொல்லும். சித்தூரில் விமான நிலையம் கிடையாது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே பயணிகள் விமானம் பறப்பதும் இல்லை. ஆனாலும் இந்த எண்ணைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியூரில் இருந்துகொண்டு திருப்பதி யாத்திரைக்குத் திட்டம் போடுகிறவர்களுக்குச் சித்தூர் ஒரு பெயர், திருப்பதி ஒரு பெயர், நடுவே என்ன இருக்கிறது என்பது தெரியாது. அவர்களுக்காகவாவது வானத்துக் கணக்கையும் தரைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

முதலில் வானம். சித்தூர் வடக்கு அட்சம் 13.22 பாகையை ஒட்டியும், திருப்பதி 13.63 பாகையை ஒட்டியும் இருக்கின்றன. தீர்க்கரேகை முறையே 79.10, 79.42. அட்சத்தில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 110 கிலோமீட்டர். இந்தப் பகுதியில் தீர்க்கரேகையில் ஒரு பாகை 108 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். ஆக, சித்தூரிலிருந்து வடக்கே 45 கிலோமீட்டரும் கிழக்கே 35 கிலோமீட்டரும் நகர்ந்தால் திருப்பதி. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளை இதைத் தாளில் போட்டே 57 என்று சொல்லிவிடும். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் நான்கு நிமிடம். கணக்கில் பிழை இல்லை. பிழை எல்லாம் அந்த 800-இல்தான் இருக்கிறது.

ஜெட் விமானம் அந்த வேகத்தை எட்டுவது ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில். அங்கிருந்து சீராகக் கீழே இறங்க விமானிகள் வைத்திருக்கும் கைக்கணக்கு, ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் மூன்று கடல் மைல். அப்படியானால் இறங்குவதற்கு மட்டுமே கிட்டத்தட்ட 195 கிலோமீட்டர் வேண்டும். இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ளதோ அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சின்ன டர்போபிராப் விமானம் என்றாலும் அது தன் முழு வேகத்தைப் பிடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். பிராந்திய விமான இணைப்புக்காக மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தை முதலில் வகுத்தபோது, சமவெளி ஊர்களுக்கு 200 முதல் 800 கிலோமீட்டர் வரையிலான தடங்களைத்தான் கணக்கில் எடுத்தார்கள். மலைப்பகுதிகள், தீவுகள் போன்ற இடங்களுக்கு மட்டும் கீழ்வரம்பு இல்லை. அந்த விதிவிலக்கு நியாயமானது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குச் செல்லும் விமானம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தை இரண்டு நிமிடத்தில் கடக்கிறது. உலகிலேயே குறுகிய பயணிகள் விமானத் தடம் அது. அங்கே நடுவில் கடல். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் இருப்பது மாந்தோப்பும் நெடுஞ்சாலையும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருப்பதி விமான நிலையம் திருப்பதியில் இல்லை; நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் கிழக்கே ரேணிகுண்டாவில் இருக்கிறது. சித்தூரிலிருந்து நேர்க்கோட்டில் அதற்கு 66 கிலோமீட்டர். அதாவது சித்தூரில் நாளையே ஒரு விமான நிலையம் முளைத்தாலும், விமானம் திருப்பதியைத் தாண்டிப் போய் இறங்க, பயணி மறுபடி மேற்கே திரும்பி வர வேண்டும். உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்று காத்திருப்பது, பையை வாங்குவது, ரேணிகுண்டாவிலிருந்து ஊருக்குள் வரும் அரை மணி, இவற்றையெல்லாம் கூட்டினால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் பேருந்தில் கிளம்பியவர் திருப்பதியில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

இனித் தரைக்கு வருவோம். சாலை வழி சுமார் 70 கிலோமீட்டர். நேர்க்கோட்டைவிட 13 மட்டுமே கூடுதல். குன்றுகள் நிறைந்த இந்த நாட்டுப்புறத்தில் இது மிகச் சிக்கனமான சாலை என்றே சொல்வேன். சித்தூரிலிருந்து பூதலப்பட்டு வந்து, அங்கிருந்து பாகாலா, சந்திரகிரி பக்கமாகத் திருப்பதி. அகலப்படுத்திய பிறகு காரில் ஒன்றேகால் மணி, பேருந்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி. சித்தூர் பேருந்து நிலையத்தில் நடத்துனர் "திருப்பதி, திருப்பதி" என்று கூவுவதைக் கேட்டு ஏறினால் போதும். முன்பதிவு என்ற பேச்சே பலருக்குத் தெரியாது. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திரப் பெண்களுக்குச் சாதாரண, எக்ஸ்பிரஸ் பேருந்துகளில் கட்டணமில்லை. எனவே திருச்சானூர் தாயாரைப் பார்க்கக் கிளம்பும் சித்தூர்ப் பாட்டி ஒருத்திக்கு இந்த 70 கிலோமீட்டரின் விலை பூஜ்யம். எல்லைக்கு இந்தப் பக்கம் காட்பாடியிலிருந்து வந்து சித்தூரில் அதே பேருந்தில் ஏறுகிற பாட்டி டிக்கெட் எடுக்க வேண்டும். பாதை ஒன்று, இருக்கை ஒன்று, முகவரி மட்டும் வேறு.

மாம்பழக் காலத்தில் இந்தச் சாலையின் நேரக் கணக்கு மாறிவிடும். பாகாலாவை அடுத்த தாமலசெருவு மாம்பழச் சந்தை பேர்போனது. சித்தூரைச் சுற்றிலும் தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கும் ஆலைகள் நிறைய உண்டு. ஜூன், ஜூலையில் டிராக்டர்களும் லாரிகளும் ஆலை வாசலில் நாள் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். விலை விழுந்த ஆண்டுகளில் அந்த வரிசையில் நிற்கிற விவசாயியிடம் தூரத்தைப் பற்றிக் கேட்டால், ஆலைக் கதவுக்கும் தன் டிராக்டருக்கும் நடுவே உள்ள இருநூறு அடியைத்தான் காட்டுவார். புரட்டாசியில் வேறொரு கூட்டம். வேலூர், ஆரணிப் பக்கத்திலிருந்து மஞ்சள் ஆடையுடன் கோவிந்தா போட்டுக்கொண்டு சாலையோரமாக நடந்து போகிறவர்கள். அவர்களுக்குச் சித்தூரிலிருந்து திருப்பதி இரண்டு பகல். அகலச் சாலை வேகத்தைக் கூட்டியது உண்மை. நடக்கிறவர்களுக்கு அது நிழலை இல்லாமல் ஆக்கியதும் உண்மை. புளியமரங்கள் போன இடத்தில் தடுப்புக் கம்பிகள் நிற்கின்றன. விரிவாக்கத் திட்டம் போடுகிறவர்கள் கார் கணக்கை மட்டும் பார்க்காமல் இந்தப் பாதங்களையும் எண்ணியிருக்க வேண்டும்.

திருப்பதி என்று சொன்னாலும் பெரும்பாலானவர்கள் போவது திருமலைக்குத்தான். வானத்துக் கணக்கு முழுவதுமாகக் கைவிடும் இடம் இதுதான். சித்தூரிலிருந்து திருமலைக்கு நேர்க்கோட்டில் 58 கிலோமீட்டர். திருப்பதி நகருக்கு 57. வெறும் ஒரு கிலோமீட்டர் வித்தியாசம். தரையிலோ, திருப்பதி வந்து, அலிபிரியில் சோதனை முடித்து, 18 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏற வேண்டும். சித்தூர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல். திருப்பதி 160 மீட்டர் சுமார். ஆக, சித்தூரிலிருந்து கிளம்பியவர் முதலில் இறங்கி, பிறகு கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேலான உயரத்துக்கு ஏறுகிறார். வரைபடத்தில் இது எதுவும் தெரியாது.

மலைப்பாதையில் இன்னொரு விசேஷம். உலகமெங்கும் போக்குவரத்துக்காரர்கள் நேரத்தைக் குறைக்கப் பாடுபடுகையில், திருமலைப் பாதையில் வண்டிகள் குறிப்பிட்ட நேரத்துக்கு முன்னால் போய்ச் சேரக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஏற 28 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இறங்க 40 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. கொண்டை ஊசி வளைவுகளில் நடந்த விபத்துகள் கற்றுத் தந்த விதி அது. பயண நேரம் என்பதைக் குறைந்தபட்ச அளவாகச் சட்டம் வகுத்த இந்த இடத்தை எந்தச் செயலியின் சராசரி வேகத்தாலும் அளக்க முடியாது.

சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் காலால் ஏறுவதில் ஓர் அனுகூலம் உண்டு. அதைப் பலர் பயன்படுத்திக்கொள்வதில்லை. அலிபிரி வழியில் 3,550 படிகள். சந்திரகிரியை அடுத்த சீனிவாசமங்காபுரத்தின் அருகே தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள்தான். நீளமும் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். செங்குத்து அதிகம், முழங்கால் கேள்வி கேட்கும். ஆனால் சித்தூர்ச் சாலையில் வருகிறவர் திருப்பதி நகர நெரிசலுக்குள் நுழையாமலேயே மலைக்குப் போய்விடலாம். முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்குச் சித்தூரிலிருந்து திருமலைக்கு நேர்க்கோட்டுக்கு மிக நெருக்கமான வழி இதுதான். வானத்து வழியோ அடைபட்டதற்குச் சமம். திருமலைக்கு மேலே விமானங்கள் பறக்கக் கூடாது, ஆகம விதிக்கு அது பொருந்தாது என்று தேவஸ்தானம் மத்திய அரசிடம் பலமுறை வேண்டியிருக்கிறது.

இரண்டு ஊர்களுக்கும் நடுவில் வானத்தை உண்மையிலேயே அளக்கிற ஓர் இடம் இருக்கிறது என்பதைத் திருப்பதிக்குப் போகிற லட்சக்கணக்கான பேர் அறியாமலே கடந்து போகிறார்கள். பாகாலா அருகே காதங்கியில் இருக்கும் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் அது. சுற்றிலும் குன்றுகள் இருப்பதால் வெளி வானொலி இரைச்சல் குறைவு. அதனாலேயே 1990-களின் தொடக்கத்தில் இங்கே எம்எஸ்டி ராடாரை நிறுவினார்கள். 130 மீட்டருக்கு 130 மீட்டர் சதுரத்தில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசை, மொத்தம் 1,024 ஆன்டெனாக்கள். 53 மெகாஹெர்ட்ஸ் அலையை மேல்நோக்கி அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியிலிருந்து நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரம் வரை காற்று எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். பருவமழையையும் இடிமேகத்தையும் புரிந்துகொள்ள அந்த அளவு நாட்டுக்கு வேண்டும். மேலே பறக்கிற விமானங்களுக்கும் காற்றைப் பற்றிய அறிவு உதவும். சித்தூர்–திருப்பதி வானத்தைப் பற்றிச் சொல்வதானால், பறக்காத விமானத்தின் நான்கு நிமிடத்தைவிட இதுதான் சொல்லத் தகுந்த செய்தி. பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைச் சாமி கும்பிடக் கூட்டிப் போகும்போது, முன்னதாக அனுமதி வாங்கி இங்கேயும் ஓர் அரை நாள் நிறுத்தலாம்.

ரயில் வழியும் ஏறக்குறைய சாலை அளவுதான்: பாகாலா வழியாக 70 கிலோமீட்டருக்குச் சற்றே மேல். விழுப்புரத்திலிருந்து காட்பாடி, பாகாலா வழியாகத் தர்மாவரம் செல்லும் மீட்டர் கேஜ் பாதையைத் தென்னிந்திய ரயில்வே 1891-இல் திறந்தது. பாகாலாவில் பாதை கவையாகப் பிரிய, ஒரு கிளை மேற்கே தர்மாவரத்துக்கும் மறு கிளை கிழக்கே திருப்பதிக்கும் போகிறது. பின்னாளில் எல்லாம் அகலப்பாதையாயின. பாகாலா தண்ணீருக்கும் ஏறத்தாழ ஒரு சந்திப்பு. அதன் அருகேயுள்ள மலைகளில் பிறக்கும் சுவர்ணமுகி, திருப்பதியின் தெற்கோரமாக ஓடி, காளத்தி வழியாக நேரே வங்கக்கடலுக்குப் போகிறது. சித்தூரைத் தொட்டுப் போகும் நீவா ஆறோ தெற்கே திரும்பி, தமிழ்நாட்டில் பொன்னை ஆறாகப் பாலாற்றில் கலக்கிறது. 57 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்களின் மழையும் வேறு வேறு திசைக்குப் போய்விடுகின்றன.

மனிதர்களும் அப்படித்தான் போகிறார்கள் என்பது என் எண்ணம். சித்தூரில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால், வீட்டார் மனத்தில் முதலில் வருவது பெரும்பாலும் வேலூர் சிஎம்சி. அது 40 கிலோமீட்டருக்குள். 1993-இல் தொடங்கிய ஸ்விம்ஸ் மருத்துவமனை திருப்பதியில் இருந்தும், தூரம் அதற்கு இரண்டு மடங்கு. படிப்பு என்றால் திசை மாறும். 1954-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 2015-இல் வந்த ஐஐடி, ஐசர் எல்லாம் திருப்பதிப் பக்கம். 2011 கணக்கெடுப்பில் திருப்பதி மாநகரத்தில் 2.87 லட்சம் பேர். சித்தூரில் அதில் பாதிக்குச் சற்று மேல். ஒரு தலைமுறைக்கு முன்னால் மாவட்டத் தலைநகரம் சித்தூர், திருத்தலம் திருப்பதி என்று இருந்தது, இன்று சந்தை, கல்லூரி, விமானம் எல்லாம் திருத்தலத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆனால் அரசாங்க வேலை என்றால் நெடுங்காலம் எல்லோரும் சித்தூருக்குத்தான் போனார்கள். வட ஆர்க்காடு மாவட்டத்துக்கே சித்தூர்தான் தலைமையிடமாக இருந்தது. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமானது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இரு ஊர்களும் அங்கே போயின. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் வரவில்லை. எல்லைகள் எப்படி நகர்ந்தாலும் திருப்பதிக்காரர் பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் சித்தூர்க் கலெக்டர் ஆபீசுக்கு 70 கிலோமீட்டர் போய்த்தான் தீர வேண்டியிருந்தது. சத்தியவேடு பக்கத்துக் கிராமத்தார் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் கூலி போய்விடும், அதிகாரி இல்லையென்றால் இரண்டு நாள். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானதும் அந்தத் தூரம் ஓர் அரசாணையில் சுருங்கியது. புதிதாக ஒரு சாலையும் போடவில்லை, ஒரு விமானமும் பறக்கவில்லை. இந்த இரு ஊர்களுக்கிடையே நூறாண்டுகளில் நடந்த மிகப் பெரிய நேரச் சேமிப்பு இதுதான் என்பேன். மாவட்டப் பிரிப்பில் அரசியல் இருந்தது. பெயர், எல்லை, தலைமையிடம் எல்லாவற்றிலும் சண்டை இருந்தது. ஆனாலும் சத்தியவேட்டு விவசாயிக்கு அதனால் மிச்சமான பேருந்து மணி நேரங்கள் உண்மையானவை. இதன் மறுபக்கம் குப்பம். சித்தூர் மாவட்டத்திலேயே இருந்துகொண்டு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கலெக்டரைப் பார்க்க வேண்டிய ஊர் அது.

சித்தூர்க்காரருக்கு விமானம் தேவைப்படுவது திருப்பதிக்குப் போக அல்ல. ஹைதராபாத்துக்கோ டெல்லிக்கோ போக. அப்போது கேட்க வேண்டிய கேள்வி, ரேணிகுண்டா வாசலுக்கு எவ்வளவு நேரம் என்பதுதான். 2015 அக்டோபர் 22 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய முனையம் அங்கே இருக்கிறது. சித்தூரிலிருந்து சாலையில் சுமார் 85 கிலோமீட்டர். சித்தூர்–திருப்பதி அளவு நெருக்கத்தில் ஐரோப்பாவில் இரண்டு தலைநகரங்கள் இருக்கின்றன: வியன்னாவும் பிராட்டிஸ்லாவாவும். நடுவே சுமார் 55 கிலோமீட்டர். அந்த இரண்டு நகரங்களிலும் விமான நிலையம் இருந்தும் ஒன்றிலிருந்து மற்றதற்கு யாரும் பறப்பதில்லை. ரயில் உண்டு, டானூப் நதியில் படகு உண்டு. பிராட்டிஸ்லாவாக்காரர்கள் வியன்னா விமான நிலையத்துக்கு நேரடிப் பேருந்தில் போய் உலகெங்கும் பறக்கிறார்கள். நமக்கும் அதுதான் பொருத்தமான வழி. சித்தூர் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பதியில் மாறாமல் ரேணிகுண்டா முனைய வாசல் வரை, விமான நேரங்களை ஒட்டி, மணிக்கொரு பேருந்து வேண்டும். அதற்கு நிலம் எடுக்க வேண்டாம், ஓடுபாதை வேண்டாம்.

ரயிலில் மாற்றம் வரவிருக்கிறது. திருப்பதி–பாகாலா–காட்பாடி இடையே உள்ள 104 கிலோமீட்டர் ஒற்றைப் பாதையை இரட்டையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரலில் 1,332 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்காக நிலையத்தில் நின்று நின்று போவதால்தான் எழுபது கிலோமீட்டர் சில வண்டிகளுக்கு இரண்டு மணியாகிறது. பாதை இரட்டையானால் ஒரு மணிக்குள் முடிக்க முடியும். ஆனால் இரட்டிப்பான பாதையை நெடுந்தூர எக்ஸ்பிரஸ்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் மட்டும் கொடுத்துவிடக் கூடாது. சித்தூரிலிருந்து கிளம்பித் திருப்பதி வழியாகக் காச்சிகுடா போகும் வெங்கடாத்ரி எக்ஸ்பிரஸ் நல்ல வண்டிதான். ஆனால் சித்தூர்–திருப்பதி தினப் பயணிக்கு வேண்டியது காலையிலும் மாலையிலும் சின்னச் சின்ன நிலையங்களில் நிற்கும் மெமு வண்டிகள். காட்பாடியிலிருந்து திருப்பதி வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாவது அப்படி ஓடினால், எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் பால், பூ, காய் கொண்டுபோகிறவர்களுக்கும் அதுவே பெரிய வரம்.

விமானக் கணக்கில் இன்னும் ஒரு திருப்பம் பாக்கி இருக்கிறது. வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் பழைய விமான தளம் ஒன்றை உடான் திட்டத்தில் சேர்த்து, சிறு விமானங்களுக்காகப் புதுப்பித்திருக்கிறார்கள். இதை எழுதும் வரை அங்கே பயணிகள் சேவை தொடங்கவில்லை. தொடங்கினால் சித்தூருக்கு மிக அருகிலுள்ள விமான நிலையம் ஆந்திராவில் இருக்காது, தமிழ்நாட்டில் இருக்கும், அதுவும் ரேணிகுண்டாவின் தூரத்தில் பாதியளவே. அங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் சிறு விமானங்கள் ஓடுமா, ரேணிகுண்டாவிலிருந்து கிடைக்கும் ஹைதராபாத் வசதிக்கு அவை ஈடாகுமா என்பதைப் பொறுத்துத்தான் சித்தூர்க்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே போவதா தெற்கே போவதா என்று முடிவு செய்வார்.